பச்சை நூல் பாசிக்கு மருந்து ஊற்றலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். ஆறு வாரத்துக்கு முன் 200 லிட்டரில் கடல் மீன் தொட்டி வைத்தோம். இரண்டு க்ளவுன் மீன், நாலு நத்தை. மூன்றாவது வாரம் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூசி படிந்தது. இப்போது கல்லில் பச்சையாக நூல் நூலாக வளர்கிறது. நடுவில் சில ரோஸ் நிறத் திட்டுகளும் தெரிகின்றன. மாதாமாதம் பராமரிக்க வருபவர், ஒரு மருந்து ஊற்றினால் இரண்டே நாளில் போய்விடும் என்கிறார். இல்லாவிட்டால் தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டுமாம். டேங்கர் தண்ணீர்தான் வருகிறது, சமையலறை ஆர்.ஓ.வில் பிடித்து உப்பு கலக்குகிறோம். என்ன செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். கழுவினால் கல்லிலும் மணலிலும் இந்த ஆறு வாரமாக உருவான பாக்டீரியா போய்விடும். அதுதான் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றிக்கொண்டிருக்கிறது. திரும்ப முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்தப் பழுப்புத் தூசி டயாட்டம் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. பெரும்பாலான புதுத் தொட்டிகளில் வரும், தண்ணீரில் உள்ள சிலிக்கா தீர்ந்ததும் தானாகப் போகும். அதை மறந்துவிடுங்கள்.

மருந்து விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு விற்கிற பாசி மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கிறது. மீன் ஓரளவு தாங்கும். நத்தை, இறால், பவளம் தாங்காது. என்னுடைய முதல் தொட்டியில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு இரவு பத்து மணிக்கு இரண்டு மூடி ஊற்றினேன். காலையில் சிவப்புக் கோடு போட்ட க்ளீனர் இறால் கண்ணாடி ஓரத்தில் சுருண்டு கிடந்தது. நத்தைகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. பாசி மட்டும் அப்படியே இருந்தது. தாமிரம் கல்லிலும் மணலிலும் ஏறிக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கசியும். அந்தக் கல்லை நான் கடைசியில் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. இருமல் மருந்து பாட்டிலில் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாமல் விற்க முடியாது. மீன் தொட்டி மருந்தை வெறும் பெயரோடு, லேபிளில் ஒரு மீன் படத்தோடு விற்கிறார்கள். யாரும் கேட்பதில்லை. உங்களிடம் வருபவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் தொட்டிக்கு அருகில் விடாதீர்கள்.

சரி, பாசி எங்கிருந்து சாப்பிடுகிறது? உங்கள் தண்ணீரிலிருந்து. டேங்கரில் வருவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். கழிவுநீர் கசிந்து இந்த ஊரில் பல இடங்களில் அதில் நைட்ரேட் அதிகம். சமையலறை ஆர்.ஓ. குடிப்பதற்காகச் செய்தது. ருசிக்காகப் பல மாடல்களில் வடிகட்டாத தண்ணீரையும் கொஞ்சம் சேர்த்துக் கலந்து விடுகிறார்கள். கேன் தண்ணீரிலும் தாது உப்பு உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி உப்பு கலக்குவதற்கு முன் அளந்து பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் ஆர்.ஓ.வுக்குப் பிறகு மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று வைக்க வேண்டும். நீங்கள் செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான்.

அப்புறம் கையால் பிடுங்குங்கள். நூல் பாசி கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் கொத்தாக வரும். கல்லைத் தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் வைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். வாரம் ஒருமுறை பத்து பதினைந்து சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உறைந்த தீனியைக் கிண்ணத்தில் உருக்கி, வடிகிற நீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் போதும்.

இந்த இரண்டையும் பூஜ்யமாக்கப் பார்க்காதீர்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் பூஜ்யமானால் டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) வரலாம்: பழுப்பாக, சளி போல இழை இழையாக, நுனியில் காற்றுக் குமிழியோடு. காலையில் விளக்கு போடும் முன் குறைந்திருக்கும், மாலைக்குள் திரும்பப் படரும். டயாட்டம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் மாற்றினால் இன்னும் பெருகும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் எடுத்துத் தொட்டித் தண்ணீரோடு ஒரு மூடி போட்ட பாட்டிலில் நன்றாகக் குலுக்கி, கெட்டியான டிஷ்யூ பேப்பரில் வடிகட்டுங்கள். (காபி ஃபில்டர் வேண்டாம், பித்தளையிலும் தாமிரம்தான்.) வடிந்த நீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடி இழை கட்டினால் டைனோ. அப்போது மட்டும் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, தீனியைக் கொஞ்சம் கூட்டி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஏற விட வேண்டும். சிவப்பாகப் பாலாடை போல உரிந்து வந்தால் அது வேறு, சயனோ என்ற பாக்டீரியா. உறிஞ்சி எடுத்துவிட்டு நீரோட்டத்தைக் கூட்டுங்கள்.

பராமரிப்பவர் அடுத்ததாக, "மண்டபம் பக்கத்துக் கடலில் எடுத்த உயிர்க்கல் போடலாம், பாசியே வராது" என்று சொல்லக்கூடும். வாங்காதீர்கள். பாசி வருவது நிற்காது. அதைவிட முக்கியம், உயிர்க்கல் என்பது கடலில் உடைத்தெடுத்த பவளப் பாறைத் துண்டு; பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதை விற்பதும் வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் அந்தப் பாறையை உடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் வலி தெரியும். சட்டம் இருந்தும் பெங்களூரு வரை இந்தக் கல் எப்படி வருகிறது என்று யாரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை. காய்ந்த செயற்கைக் கல்லே போதும்.

கடைசியாக அந்த ரோஸ் திட்டுகள். விரல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு வராவிட்டால் அது கோரலைன். அதுவும் பாசிதான், ஆனால் வேண்டிய பாசி. அது பரவும் இடத்தில் பச்சை நூல் எளிதில் வேர்பிடிக்காது. டூத்பிரஷ் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.