பழுக்காத புழுவுக்குப் பாட்டில் ஹார்மோன் வேண்டாம்

கேள்வி: வெண்பட்டுப் புழு வளர்க்கிறேன், 200 முட்டைத் தொகுதி. கடைசிப் பருவமான ஐந்தாம் பருவம் ஒன்பதாம் நாள் ஆகியும் பாதிப் புழு பழுக்கவில்லை, அதாவது கூடு கட்டத் தயாராகவில்லை. ‘மூளை ஹார்மோன்’ என்று ஒருவர் பாட்டில் தருகிறார். இலையில் தெளிக்கலாமா? (பாலக்கோடு வாசகர்)

தெளிக்காதீர்கள். புழுவின் மூளையில் பக்கத்துக்கு இரண்டாக இருக்கும் நரம்பணுக்கள் பிடிடிஎச் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. ‘மூளை ஹார்மோன்’ என்பது இதுதான். அது மார்புப் பகுதியிலுள்ள சுரப்பியைத் தூண்டும். அந்தச் சுரப்பி விடும் எக்டைசோன் என்ற ஹார்மோன்தான் தோலை உரிக்க வைக்கிறது, கடைசியில் கூடு கட்டவும் வைக்கிறது. புரதத்தை இலையோடு தின்றால் குடலில் செரித்துப் போகும், அவ்வளவுதான். பாட்டிலில் அசல் சரக்கே இருந்தாலும் பயனில்லை. அசல் இருக்காது என்பது வேறு விஷயம்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். செடியிலிருந்து எடுக்கும் எக்டைசோன் வகை மருந்து உண்டு. அது புரதம் அல்ல, அதனால் வாய்வழி வேலை செய்யும். ஆனால் நூற்றுக்கு 5 முதல் 10 புழு பழுத்த நேரத்தில்தான் தெளிக்க வேண்டும். முந்தித் தெளித்தால் பட்டுச் சுரப்பி நிறையாமலே புழு கட்டத் தொடங்கும், கூடு மெலியும், எடை போகும். உங்களுக்கு மொத்தக் கணக்கில் அந்த நேரம் தாண்டிவிட்டது. பழுத்ததையெல்லாம் பொறுக்கி நெட்ரிக்காவில் (புழு கூடு கட்டும் பிளாஸ்டிக் தட்டு) விட்டுவிட்டு, மீதியைத் தனி அடுக்கில் போடுங்கள். அதில் நூற்றுக்கு ஐந்தாறு பழுத்தால் அப்போது அந்த மருந்தை யோசிக்கலாம். லேபிள், தொகுதி எண், பில் மூன்றும் இல்லாமல் வாங்கக் கூடாது. இந்த இரண்டு சரக்கையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், கேட்க ஆளில்லை.

இனி காரணம். மேல் தட்டு பழுத்து, கீழ்த் தட்டு பின்தங்கினால் அது குளிர். ஒவ்வொரு தட்டிலும் கலந்து கிடந்தால், நாலாம் தோலுரிப்பில் முந்தி எழுந்த புழுவுக்கு அவசரப்பட்டு இலை போட்டிருக்கிறீர்கள். குறிப்பிட்ட தோட்டத்து இலை தின்ற புழு மட்டும் கொழுத்துப் பளபளத்து, தின்றுகொண்டே இருந்தால் அக்கம்பக்கத்து வயலில் அடித்த பூச்சி மருந்தைச் சந்தேகப்படுங்கள்.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளை ஈக்கு அடிக்கும் பைரிப்ராக்சிஃபென் புழுவைக் கொல்லாது, புழுவைப் புழுவாகவே வைத்திருக்கும் இளமை ஹார்மோன் போல நடிக்கும். அந்த ஹார்மோன் வடிந்தால்தான் கூடு கட்டும் வேலை தொடங்கும். பத்துப் புழுவுக்கு இலை போட்டு ஒரு நாள் பார்க்கும் சோதனை, கொல்லும் மருந்தைத்தான் காட்டும். இதைக் காட்டாது. வேறு தோட்டத்து இலை மூன்று நாள் போட்டும் ஒன்றுகூடப் பழுக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இலையும் கூலியும் நஷ்டம்.

புழு வளர்ப்பு மனை கட்ட மானியம் கொடுக்கிறார்கள். பக்கத்து வயலில் என்ன அடித்தார்கள் என்று எழுதி வைக்கத்தான் ஒரு நோட்டு கிடையாது. நீங்களே போய்க் கேளுங்கள், அடிக்கும் முன்னால்.

அடுத்த வளர்ப்பில் நாலாம் தோலுரிப்புக்குப் புழு அடங்கியதும் இலையை நிறுத்தி, சுண்ணாம்புத் தூள் தூவிப் படுக்கையை உலர வையுங்கள். நூற்றுக்கு 95 புழு தோலுரித்து எழுந்த பிறகே முதல் இலை. ஐந்தாம் பருவத்துக்கு 24 டிகிரி, ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம். வெப்பமானியை வாசல் சுவரில் மாட்டாமல் கீழ்த் தட்டில் தொங்கவிடுங்கள்.