அரிய வகைக் கள்ளிச் செடிகள் சேகரிக்க ஆசை. எதில் தொடங்கலாம்?

ஒரு வரியில் பதில்: ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் என்ற முள்ளில்லாத கேக்டஸ். செடியாக வாங்காமல் விதையாக வாங்குங்கள். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

கேட்டவர் சென்னைவாசி. மொட்டை மாடி உண்டு, கையில் இரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது, "யாரிடமும் இல்லாத செடியாக இருக்க வேண்டும்" என்கிறார். நானும் தாம்பரம் பக்கம் ஒரு மொட்டை மாடியில் பதினோரு வருடமாக இதே பைத்தியம் பிடித்து அலைகிறவன்தான். நான் விட்ட காசையும் அழுகவிட்ட செடிகளையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் எது கேக்டஸ் என்று பார்த்துவிடுவோம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் நம் பேச்சில் கள்ளிதான், ஆனால் அவை ஆமணக்குக் குடும்பம். கேக்டஸ் என்றால் முள் கிளம்பும் இடத்தில் பஞ்சு வைத்தது மாதிரி ஒரு குட்டி மெத்தை இருக்கும். அந்தக் குடும்பம் ஏறக்குறைய மொத்தமும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிகூட அங்கிருந்து வந்து இறங்கியதுதான். ரிப்சாலிஸ் பாசிஃபெரா ஒன்றுதான் விதிவிலக்கு. மரக்கிளையிலிருந்து பச்சை நூல் நூலாகத் தொங்கும் அது, ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் தானாகவே வளர்கிறது. பறவை கொண்டு வந்ததா, கப்பல் கொண்டு வந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

சரி, "யாரிடமும் இல்லாத" என்பதற்கு வருவோம். காட்டில் அரிதான செடி வேறு, கடையில் அரிதான செடி வேறு. ஓட்டல் வாசலில் மஞ்சள் முள்ளோடு உருண்டையாக வரிசை கட்டி வைத்திருப்பார்களே, கோல்டன் பேரல், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன்காரர்கள் அதை "மாமியார் நாற்காலி" என்பார்கள். (மாமியார் மேல் பாசம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.) மெக்சிகோவின் கெரெட்டரோ பகுதியில் அது தானாக வளரும் பள்ளத்தாக்குகளில் கணிசமான பகுதி, 1990-களில் சிமாபான் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. காட்டில் அது அழியும் நிலையில் உள்ள இனம். நர்சரியிலோ நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. அரிய செடிதான் வேண்டும் என்றால் அதுவே போதுமே என்றால் கேட்டவருக்குக் கோபம் வரும்.

கடையில் அரிது என்று விற்கும் இன்னொரு ரகம், பச்சைத் தண்டின் மேல் சிவப்புப் பந்து ஒட்டியது மாதிரி இருக்கும் ஹிபோடான். 1940-களில் ஜப்பானில் விதை முளைக்க வைத்தபோது தற்செயலாக வந்த செந்நிற நாற்றுகளின் வம்சம் அது. பச்சையம் கிடையாது, அதனால் சொந்தமாகச் சோறு பொங்கத் தெரியாது. கீழே இருக்கும் பச்சைத் தண்டு டிராகன் ஃப்ரூட் கொடி. அதுதான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைக்கிறது. குளுக்கோஸ் பாட்டிலில் உயிர் வாழும் நோயாளி மாதிரிதான். மூன்று நான்கு வருடத்தில் பெரும்பாலும் தண்டு களைத்துவிடும், பந்தை வெட்டிப் புதிதாக ஒட்டுக் கட்ட வேண்டும். அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் காட்டில் எங்கேயும் இல்லாத இதை "அரிய வகை" என்று சொல்லி அறுநூறு ரூபாய் கேட்டால் நடையைக் கட்டுங்கள்.

இப்போது ஆஸ்டீரியாஸ். டெக்சாஸின் தெற்கு ஓரத்திலும் அதை ஒட்டிய வடகிழக்கு மெக்சிகோவிலும் மட்டும் வளரும் செடி. முள்ளே கிடையாது. தட்டையான பச்சை வட்டு, எட்டுப் பிரிவு, மேலே வெள்ளைச் சுண்ணாம்பால் புள்ளி வைத்தது மாதிரிப் பொட்டுகள். வறண்ட காலத்தில் சுருங்கி மண்ணோடு மண்ணாக இறங்கிவிடும். உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இது முதல் பட்டியலில் இருக்கிறது, அதாவது புலி இருக்கும் பட்டியல். அப்படிப்பட்ட செடியின் விதை, இங்கேயே வளர்க்கிறவர்களிடம் பத்து விதை நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. காட்டுக்கும் பாதகமில்லை, பர்ஸுக்கும் பாதகமில்லை.

நான் முதலில் இருபது விதை வாங்கினேன். பழுப்பு நிறத்தில், கவிழ்த்துப் போட்ட தொப்பி மாதிரி இருக்கும். மண்ணில் பூஞ்சை இருந்தால் நாற்று சாகும் என்று படித்துவிட்டு, சலித்த மண்ணை இட்லிப் பானையில் வைத்து ஆவி காட்டினேன். "அந்தப் பானையில் இனி இட்லி ஊற்ற மாட்டேன், நீயே வைத்துக்கொள்" என்று அம்மா சொல்லிவிட்டார். இன்றுவரை அது செடிப் பானைதான். ஆறிய மண்ணைப் பார்சல் சாப்பாட்டு டப்பாவில் நிரப்பி, விதையை மேலே வைத்து (புதைக்கக் கூடாது), மூடி போட்டு ஜன்னலோரம் வைத்தேன். மூன்றாம் நாள் குண்டூசித் தலை அளவில் பச்சை உருண்டைகள். ஒரு வாரத்தில் பதினாறு. ஒரு வருடம் கழித்து மிளகு அளவு. நான்காம் வருடம் பழைய ஒரு ரூபாய்க் காசு அளவு. ஐந்தாம் வருடம் ஏப்ரலில் ஒருநாள் வெயில் ஏறிய பிறகு மஞ்சள் பூ, தொண்டையில் சிவப்பு, செடியை விடப் பெரிதாக விரிந்தது. அதைப் பார்க்க அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஒரு செடி மட்டும் வாங்காதீர்கள். இது தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே சமயத்தில் பூக்கும் இரண்டு செடி இருந்தால்தான், பிரஷ்ஷால் தடவிவிட்டு விதை எடுக்கலாம்.

பதினாறில் இப்போது ஒன்பதுதான் இருக்கின்றன. மற்றவை ஒரே அக்டோபரில் போயின. "நாளைக்கு ஷீட் போட்டுக்கொள்ளலாம்" என்று தட்டை வெளியிலேயே விட்டேன், இரண்டு நாள் விடாத மழை. வெளியே பார்க்க நன்றாகவே இருந்தன. விரல் வைத்து அழுத்தினால் பழுத்த சப்போட்டா மாதிரி உள்ளே போனது. சென்னையில் கேக்டஸைக் கொல்வது வெயிலைவிட வடகிழக்குப் பருவமழைதான். செடிக்கு முன்னால் மேலே ஒரு கண்ணாடி ஷீட்டுக்குச் செலவழியுங்கள். மண்ணில் முக்கால் பங்கு கல்லாக இருக்கட்டும். பியூமிஸ் என்ற இலேசான எரிமலைக் கல் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் செங்கலை உடைத்துச் சலித்ததே போதும், பொடியை மட்டும் கழுவிவிடுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஐரோப்பாக்காரர்கள் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டுக் காப்பாற்றும் பிரேசில் செடிகள் இங்கே சும்மா வளரும். மெலோகாக்டஸ், டிஸ்கோகாக்டஸ் இரண்டும் அந்த ரகம். என்னிடம் இருக்கும் டிஸ்கோகாக்டஸ் ஹார்ஸ்டி, மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் கிராவ் மொகோல் பக்கம் வெள்ளைப் படிகக்கல் மண்ணில் வளரும் குள்ளச் செடி, ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வயதுக்கு வந்ததும் உச்சியில் பஞ்சுத் தொப்பி கட்டும். அந்தத் தொப்பிக்குள்ளிருந்து மொட்டு கிளம்பி, இருட்டியதும் வெள்ளையாக விரிந்து மாடி முழுக்க மணக்கும். காலையில் வாடிவிடும். பிரம்மகமலம் என்று நாம் கொண்டாடும் நிஷாகந்தியும் கேக்டஸ்தான், அதே இரவுப் பூ வழக்கம். மாறாக ரெபூஷியா, லோபிவியா மாதிரி உயரமான ஆண்டிஸ் மலைச் செடிகளுக்குக் குளிர் ஓய்வு இல்லாவிட்டால் பூக்க மனம் வராது. அவற்றை ஊட்டிக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே பார்த்தவர் வாய் பிளக்க வேண்டும் என்றால் ஆஸ்ட்ரோஃபைட்டம் கபுட் மெடூசே. கேக்டஸ் என்றே நம்ப முடியாது, விரல் விரலாக நீளும் பாம்புத் தலை. 2001-இல்தான் மெக்சிகோவின் நுவோ லியோனில் கண்டுபிடித்தார்கள். இன்று ஒட்டுக் கட்டிய நாற்று இந்தியாவிலேயே கிடைக்கிறது. உங்கள் பட்ஜெட்டில் ஒன்று வாங்கலாம், ஆனால் அடுத்த வருடம் வாங்குங்கள்.

வாங்கக் கூடாதது எது? பெரியதாக, வயதானதாக, அடி தடித்து, தழும்போடு, வேர் வெட்டியபடி, "இம்போர்ட்" என்ற பெயரில் தாள் எதுவும் இல்லாமல் வருவது. பெரும்பாலும் யாரோ காட்டில் தோண்டியதாகத்தான் இருக்கும். சிலியின் அட்டகாமா கடலோரத்தில் கோப்பியாப்போவா என்று ஒரு இனம் உண்டு. மழையே பார்க்காமல், கடலிலிருந்து வரும் பனிமூட்டத்தைக் குடித்தே பல பத்தாண்டுகள் வாழும், உடம்பெல்லாம் சாம்பல் பூசியது மாதிரி மெழுகு. 2020-இல் இத்தாலியில் ஒரே ஆளிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருட்டுச் செடிகள் சிக்கின, பெரும்பாலும் இந்த இனம். உயிர் பிழைத்த எண்ணூற்றுச் சொச்சத்தை 2021-இல் சிலிக்கே திருப்பி அனுப்பினார்கள். நர்சரியில் விதையிலிருந்து வளர்த்த கோப்பியாப்போவா பச்சையாக, பாவமாக இருக்கும். அந்தச் சாம்பல் நிறம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களை நம்பித்தான் இந்தத் திருட்டு நடக்கிறது.

ஆன்லைனில் வரும் "நீல நிறக் கேக்டஸ் விதை", "வானவில் கேக்டஸ் விதை" பக்கம் போகாதீர்கள். நான் போனேன். ஐம்பது விதை, ஐந்தாம் நாளே நாற்பது முளைத்தது, ஆகா என்று இருந்தது. பத்தாம் நாள் அகல இலை விட்டது. கீரை. அம்மா பொரியல் செய்யலாமா என்று கேட்டார். பூ ஒட்டிய செடியும் அப்படித்தான், பூவை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், சில சமயம் காய்ந்த பூவைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள்.

ஆக இரண்டாயிரத்தில் ஷீட்டுக்கும் கல்லுக்கும் ஆயிரத்து இருநூறு, இரண்டு மூன்று பேரிடமிருந்து ஆஸ்டீரியாஸ் விதை முந்நூறு, மீதியில் ஒரு சின்ன மெலோகாக்டஸ். விதை போட பிப்ரவரி, மார்ச் நல்லது, மழைக்குள் நாற்று கொஞ்சம் தேறிவிடும்.

அப்புறம், யாரிடமும் இல்லாத செடி என்று நீங்கள் நினைப்பது என்னிடம் ஒன்று இருக்கிறது. அஸ்டெக்கியம் ரிட்டெரி, மெக்சிகோவில் செங்குத்தான பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டு வளர்வது, ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரில் இருக்கிறது. ஐந்து வருடம் முடிந்துவிட்டது, இப்போது பட்டாணி அளவு. வீட்டுக்கு வருகிறவர்கள் காலித் தொட்டி என்று நினைத்துக் காபி டம்ளரை அதன் மேல் வைக்கப் போகிறார்கள், நான் ஓடிப்போய்ப் பிடிக்கிறேன்.