மினாக்சிடில்: திரவம் வாங்கலாமா, நுரை வாங்கலாமா?

இதைக் கேட்டவர், முடி உதிர்வுக்குத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடிலின் 5% திரவத்தை மூன்று மாதமாகத் தடவுகிறார். தலை அரிக்கிறது. நுரைக்கு மாறினால் பலன் குறையுமா என்பது அவருடைய கவலை. குறையாது. ஒரு மில்லி திரவத்தில் 50 மில்லிகிராம் மருந்து என்றால், அரை மூடி நுரையிலும் ஏறக்குறைய அதே அளவுதான். மருந்தைச் சுமந்து வரும் வண்டிதான் வேறு.

அந்த வண்டியில்தான் சங்கதியே இருக்கிறது. திரவத்தில் மினாக்சிடிலைக் கரைத்து வைப்பதற்கு ஆல்கஹால், தண்ணீரோடு புரோப்பிலீன் கிளைக்கால் என்ற பொருளையும் சேர்க்கிறார்கள். தடவியதும் ஆல்கஹால் பறந்துவிடும், கிளைக்கால் பறக்காது. எண்ணெய் வைத்ததுபோல முடியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். சிலருடைய தோலுக்கு அது ஆகவே ஆகாது. நுரையில் அந்தப் பொருள் இல்லை, அதனால் சீக்கிரம் காய்கிறது, அரிப்பும் குறைவு.

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். காலை ஏழரைக்குத் திரவத்தைத் தடவி, எட்டு மணிக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போதே உள்ளே வேர்க்கத் தொடங்கிவிடும். அரியாங்குப்பம் சிக்னலில் நிற்கையில் வியர்வையும் மருந்தும் கலந்து புருவம் வரை இறங்கும், கண் எரியும். இரண்டு மாதத்தில் சட்டைக் கழுத்தில் வெள்ளைச் செதில்கள் விழ ஆரம்பித்தன. பொடுகு என்று நானே முடிவு கட்டி, பொடுகு ஷாம்புவாக வாங்கித் தேய்த்துத் தேய்த்து இன்னும் கெடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு தோல் மருத்துவர் தலையை விளக்கில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இது பொடுகு இல்லை, அந்தத் திரவம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்றார். கூடவே ஓர் எச்சரிக்கையும் சொன்னார்: அபூர்வமாகச் சிலருக்கு மினாக்சிடிலே ஒவ்வாது, அவர்கள் நுரைக்கு மாறினாலும் அரிப்பு போகாது. எனவே தோல் சிவந்து வீங்கினால் நீங்களாக மாற்றிப் பார்க்காமல் காட்டிவிடுங்கள்.

நுரைக்கு மாறிய முதல் நாள் கூத்து தனி. சித்திரை வெயில், மின்விசிறியும் ஓடவில்லை. டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் அழுத்தினேன். சோப்பு நுரைபோல அழகாக உட்கார்ந்தது, கண்ணாடியில் வகிடு எடுத்து முடிப்பதற்குள் தண்ணீராகி மணிக்கட்டு வழியே ஓடியது. உடம்புச் சூட்டில் உருகும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. இப்போது விரல்களைப் பானைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு, மூடியில் எடுத்து, அங்கிருந்து விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக உச்சந்தலைக்குக் கொண்டுபோகிறேன். முடியில் அல்ல, தோலில் பட வேண்டும். அடர்த்தியாகவோ நீளமாகவோ முடி இருப்பவர்களுக்கு இந்த வேலை சிரமம். நுரை பாதி முடியிலேயே தங்கிவிடும். அவர்களுக்குச் சொட்டுக்குழாய் வைத்த திரவமே வசதி, விலையும் குறைவு. அரிப்பு இல்லாதவர்கள் நுரை புதிது என்பதற்காக மாற வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று. நுரை டப்பாவில் இருப்பது அழுத்தத்தில் அடைத்த, தீப்பற்றும் வாயு. நான் அதை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் வெயிலில் நிறுத்தியவன்; மடத்தனம். சாயங்காலம் தடவிய ஈரக் கையோடு கற்பூரம் ஏற்றவும் போகாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் இரண்டு மருந்தையும் அதற்கு எட்டாமல் வையுங்கள், அதற்கு இது நஞ்சு.

எதைத் தடவினாலும் முதல் சில வாரங்கள் சிலருக்கு முடி கூடுதலாகக் கொட்டும். குளித்துவிட்டுத் துவட்டிய வெள்ளைத் துண்டை அம்மாவிடம் காட்டினேன். “நல்லெண்ணெய் தேய்த்துக் குளிடா என்றால் கேட்டாயா?” என்றார். பழைய முடி உதிர்ந்து புது முடிக்கு இடம் விடுகிற கட்டம் அது. அங்கே பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். பலன் தெரிய நான்கு மாதம்கூட ஆகலாம், நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்கே போய்விடும். எண்ணெய்க் குளியலை விடவில்லை. அன்று குளித்துத் தலை நன்றாகக் காய்ந்த பிறகுதான் மருந்து.

அப்பா வேறு மாதிரி பயந்தார். எங்கோ படித்துவிட்டு வந்து, “பிரஷர் மாத்திரையையா தலையில் தேய்க்கிறாய்?” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. 1979இல் அமெரிக்காவில் இது இரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாகத்தான் வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்து, 1988இல் தலையில் தடவும் திரவமாக்கினார்கள். நுரை வந்தது 2006இல். தடவுவதில் இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்றாலும், இதய நோயோ இரத்தக் கொதிப்போ இருப்பவர்கள் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தொடவே வேண்டாம்.

நுரைக்கு மாறி ஏழு மாதம் ஆகிறது. போன ஞாயிறு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது சலூன் அண்ணன் கத்தரிக்கோலை நிறுத்தி, “உச்சியில் வட்டம் சுருங்கியிருக்கிறதே தம்பி, நெற்றி ஓரம்தான் அப்படியே இருக்கிறது” என்றார். இந்த மருந்து உச்சியில் வேலை செய்கிற அளவுக்கு நெற்றியில் செய்வதில்லை, ஆகவே நான் ஏமாறவில்லை. அவருக்கும் சொட்டை. பெயரைக் கேட்டு நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். “அண்ணே, பிரஷர் இருக்கிறதா?” என்று கேட்டேன். இருக்கிறது என்று தலையாட்டினார். அந்தத் தாளை வாங்கி, மருந்தின் பெயருக்கு மேலே ‘முதலில் டாக்டர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.