மின்சாரம் குறைந்தும் கார்பன் கணக்கு ஏறினால் ஏசி கேஸைப் பாருங்கள்

இன்வெர்ட்டர் ஏசிக்கு மாறி மின்சாரம் குறைந்தும், கட்டடத்தின் கார்பன் கணக்கு (அது வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களின் கணக்கு) ஏன் ஏறியது என்று கேட்டிருந்தீர்கள். காரணம், உங்கள் கேள்வியில் போகிற போக்கில் எழுதிய வரியில்தான் இருக்க வேண்டும்: "வருஷா வருஷம் ஆர்-410ஏ கேஸ் நிரப்புகிறோம்." ஆர்-410ஏ என்பது ஏசிக்குள் குளிரூட்டும் கேஸ்.

ஏசி கேஸ் எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றுவது. நிரப்ப வேண்டி வந்தால் எங்கோ கசிகிறது. ஆர்-410ஏ ஒரு கிலோ வெளியேறினால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும்.

சர்வீஸ் பில்களில் எத்தனை கிலோ ஏற்றினார்கள் என்று கூட்டுங்கள். அப்புறம் ஏசியை நிறுத்திவிட்டு, செம்புக் குழாய் இணைப்புகளில், முக்கியமாகக் குழாய் முனையை இறுக்கும் ஃப்ளேர் நட்டில், சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் அதுதான் இடம். வராவிட்டால் நைட்ரஜன் அழுத்தச் சோதனை கேளுங்கள்; குழாயில் நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். காயிலில் இருக்கும் நுண்கசிவு சோப்பில் தெரியாது. "கேஸ் போட்டா சரியாயிடும்" என்கிற மெக்கானிக்கை நான் திரும்பக் கூப்பிட மாட்டேன்.

ஆர்-32 என்ற இன்னொரு ஏசி கேஸ் புவியை வெப்பமாக்கும் திறன், ஆர்-410ஏ-வில் மூன்றில் ஒரு பங்குதான். அதற்காக இதே யூனிட்டில் அதை ஏற்ற விடாதீர்கள். அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, இந்த இயந்திரம் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. பழுது பார்க்கும்போது மீதிக் கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள்.