நகை அடகுக்கடையில, பைக் இருங்காட்டுக்கோட்டையில

கேள்வி: அண்ணா, சேலம் செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறைல வேலை, மாசம் 34,000 வருது. டிராக் ரேஸ் ஓட்றேன், நேர் ரோட்டுல கொஞ்ச தூரத்தை யார் சீக்கிரம் முடிக்கறாங்கன்னு பாக்கற ரேஸ், ஆர்எக்ஸ் 100, டூ ஸ்ட்ரோக் 130 சிசி கிளாஸ். வருஷத்துக்கு நாலு மீட் (போட்டி), ஒண்ணுக்கு 25,000 ஆகுது, அதுல 15,000 இன்ஜினுக்கே போயிடுது. வொய்ஃப் நகையை வெச்சு 1,80,000 வாங்கினேன், 2 வட்டி, 14 மாசமா வட்டி மட்டும் கட்றேன். மச்சான் பெரிய கிளாஸுக்கு போங்க, லோனை நான் பாத்துக்கறேன்ங்கறார். ஃப்ரெண்டு ஷேர் மார்க்கெட்ல ஆப்ஷன்ஸ் பண்ணி ரேஸ் காசு எடுக்கலாம்ங்கறான். எது சரி?

பதில்: ரெண்டும் வேணாம் தம்பி. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பண்ற தனி ஆளுங்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்னு ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கற செபியே 2024ல சொல்லிடுச்சு, அதுக்கு மேல இதைப் பேச எனக்கு பொறுமை இல்ல. பெரிய கிளாஸ்ல பின் டயர் ஒண்ணே உங்க ஒரு மீட் காசை முழுங்கிடும்.

ரேஸை விட்டுடுங்கன்னு சொல்லமாட்டேன். அந்த அடகுச் சீட்டுதான் பயமுறுத்துது. மாசம் 3,600, 14 மாசத்துக்கு 50,400, ரெண்டு மீட் ஓட்ற காசு போயாச்சு, அசல்ல ஒத்த ரூபா குறையல. ரெண்டு வட்டி தானேன்னு வாய்ல சுளுவா வருது, வருஷத்துக்கு 24 பர்சென்ட்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க. பேங்க்ல நகைக்கடன் 10 பர்சென்ட்னே வெச்சாலும் மாசம் 1,500 தான். அங்க மாத்திட்டு அதே 3,600 கட்டுங்க, 2,100 அசலுக்கு போகும், வருஷத்துக்கு 25,000.

அடுத்து அந்த 15,000. ஒவ்வொரு மீட்டுக்கும் புது பிஸ்டன், போர்ட்டிங், வேற சைலன்சர்னு எதுக்குங்க? அமெரிக்கால ப்ராக்கெட் ரேஸிங்னு ஒண்ணு இருக்கு, நம்ம வண்டி எத்தனை செகண்ட்ல ஓடும்னு முன்னாடியே எழுதிக் கொடுத்துடணும், மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசத்துக்கு ஏத்த மாதிரி பச்சை லைட் முன்னாடியே விழும், எழுதினதை விட வேகமா ஓடிட்டா தோல்வி, அதனால பழைய வண்டிக்காரனும் கடன் வாங்காம ஜெயிக்கறான், லைட்டைப் பாத்து கிளட்ச் விடற கையும் மாறாத டைமும்தான் அங்க பேச்சு. உங்க கிளாஸ்ல வேகம்தான் கணக்கு, சரி, ஆனா ஒரு ஓட்டத்துக்கு உங்க கையால எவ்வளவு டைம் குறையும்னு ஒரு வருஷம் இன்ஜினைத் தொடாம பாருங்களேன். இன்ஜின் செலவைப் பாதியாக்கினாலே வருஷத்துக்கு 30,000 மிச்சம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல தனியா வண்டி பிடிக்காம சேலத்துப் பசங்க மூணு பேர் ஒரே குட்டியானைல ஏத்துங்க. மிச்சமானதையும் அசலுக்கே கட்டினா மூணு வருஷத்துல நகை வீட்டுக்கு வந்துடும்.

பைபாஸ்ல ராத்திரி பிராக்டிஸ் வேணவே வேணாம், ரேஸுக்கு பைக் இன்சூரன்ஸ் செல்லாது.

நகையை மீட்டு பேங்க்ல வெக்க ஒரு நாளைக்கு 1,80,000 கைமாத்து வேணும். லோனை நான் பாத்துக்கறேன்னு சொன்ன மச்சான்கிட்டயே கேளுங்க, என்ன சொன்னார்னு எனக்கும் எழுதுங்க.