திரை வெளுப்பதைப் பொறுக்காத பிள்ளை

செயற்கை நுண்ணறிவுப் பட்டப்படிப்பில் சேராவிட்டால் உங்கள் மகளுக்கு எதிர்காலமே இல்லை என்று உறவினர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறுதல் சொல்வது எனக்கு எளிது; ஆனால், கடன் வாங்கியாவது அந்தப் பெயருள்ள படிப்பில் சேர்த்துவிடும் உங்கள் முடிவு தவறு. பள்ளி நூலகத்திற்கென அவள் உருவாக்கிய தேடல் பக்கம் ஒவ்வொரு தேடலுக்கும் வெளுத்து மீண்டும் வந்ததைப் பொறுக்காமல், வாரக்கணக்கில் அமர்ந்து அதைச் சரிசெய்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய நாட்டம் எதில் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முழுப் பக்கத்தையும் மறுபடி வரவழைக்காமல், தேவையான தரவை மட்டும் பின்னணியில் பெற்று, மாற வேண்டிய பகுதியை மட்டும் மாற்றும் முறைதான் அந்தக் குறைக்குத் தீர்வு. 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 என்ற உலாவியில் (இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளில்) இதற்கான வசதி வந்தது. 2004-இல் ஜிமெயிலும், 2005-இல் கூகுள் மேப்ஸும் அதன் வலிமையைக் காட்டின. 2005-இலேயே ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் என்ற வடிவமைப்பாளர் அதற்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார்.

பழைய நுட்பம்தானே என்று உங்கள் உறவினர் கேட்கலாம். ஆனால் அதைப் பிழையின்றிச் செய்வது இன்றும் எளிதல்ல. பயனர் வேகமாகத் தட்டச்சு செய்யும்போது, பக்கம் சர்வருக்கு முதலில் அனுப்பிய கோரிக்கையின் பதில் கடைசியில் வந்து சேர்ந்து, சரியான முடிவுகளின் மேல் பழையவற்றை எழுதிவிடக்கூடும். பழைய கோரிக்கையை எப்போது கைவிடுவது என்று தீர்மானிக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் மாற்றத்தை உடனே காட்டிவிட்டால், சர்வர் மறுக்கும்போது அதைத் திரும்பப் பெறும் வழியும் வேண்டும். பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பானுக்குப் பக்கத்தில் எது மாறியது என்று அறிவிக்க வேண்டும். பின்செல் பொத்தானும் குழம்பக் கூடாது. தரவைப் பின்னணியில் கேட்டாலும், கனமான கணக்கீட்டை திரையைப் புதுப்பிக்கும் வேலையும் நடக்கும் உலாவியின் முதன்மைத் திரியிலேயே (main thread) நடத்தினால் பக்கம் உறைந்துதான் நிற்கும். 2024 மார்ச் முதல் கூகுள், இணையப் பக்கங்களின் தரத்தை மதிப்பிடும் தன் முதன்மை வலை அளவீடுகளுள் (Core Web Vitals) ஒன்றாகப் பயனரின் செயலுக்குப் பக்கம் காட்டும் மறுமொழி வேகத்தையும் சேர்த்திருக்கிறது. 200 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் அது நல்ல வேகம்.

இதற்குக் கணினி வலையமைப்பும் இயக்கமுறைமையும் ஒழுங்காகக் கற்பிக்கும் சாதாரணக் கணினி அறிவியல் பட்டமே போதும்; உலாவி நுட்பங்களுக்கான தரமான ஆவணங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படிப்பின் பெயருக்காகக் கடன் வாங்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அந்தத் தவணைகள் பின்னாளில் அவளுடைய வேலைத் தேர்வையே நெருக்கும். கடன் படிவத்தில் கையெழுத்திடும் முன், உலாவியில் இணைய வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்து, தன் தேடல் பக்கம் எப்படி நடந்துகொள்கிறது என்று காட்டச் சொல்லி அவளருகே ஒரு மணி நேரம் உட்காருங்கள்.