ட்ரெய்லர் டயரும் மலைப்பாதையும்: அழுத்தக் கண்காணிப்புக் கருவி பற்றிய கேள்வி – பதில்

டயர்களின் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் சாரதியின் முன்னுள்ள சிறு திரையில் காட்டும் கருவிகளை மலையகத்தில் பலரும் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவற்றைப் பொருத்துவது தொடர்பாக வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ட்ரெய்லர் இழுப்பவர்களின் கேள்விகளுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன். கருவியின் தேவை அவர்களுக்கே மிகுதி.

கேள்வி (கந்தப்பளை): விருந்தினர்களை ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் அழைத்துச் செல்வதற்காக, டபள் கெப் வண்டியின் பின்னால் இழுக்கும் வகையில், படுக்கை வசதியுள்ள இரண்டு சில்லு ட்ரெய்லர் ஒன்றைச் செய்வித்திருக்கிறோம். அதற்கு இந்தக் கருவி அவசியமா? பொருத்துவதானால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: அவசியம் என்பதே என் உறுதியான கருத்து. நீங்கள் ஓட்டும் வண்டியின் டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், வண்டியின் ஆட்டத்திலும் வேறுபாடு தெரியும். ட்ரெய்லரின் டயரில் காற்று இறங்குவதோ முன்னால் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து விரிவதால் உள்ளே வெப்பம் ஏறி, இறப்பரும் நூல் அடுக்குகளும் பிரிந்து, கண்ணாடியில் புகை தெரியும் வேளையில் டயர் கிழிந்து மட்கார்டையும் வயர்களையும் அடித்து நொறுக்கத் தொடங்கியிருக்கும். ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் நம் வீதிகளில் அதன் விளைவு எதுவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் டயரின் அழுத்தத்தை அளந்து திரைக்கு அனுப்பும் சென்சரை வாங்குவதற்கு முன் டயரைப் பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை; 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ட்ரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதைவிட, நின்ற இடத்திலேயே வெயில் பட்டு மூப்படைவதால்தான் அதிகம் கெடுகின்றன. வீதியில் படும் பூ (வெட்டுவரிகள்) நன்றாக இருந்தாலும் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தால் அந்த டயருக்குக் கருவி பொருத்துவதில் பயனில்லை, டயரை மாற்றுங்கள்.

அடுத்தது வால்வு. வெளியே திருகிப் பூட்டும் சென்சர் வால்வின் முனையில் கூடுதல் எடையாகத் தொங்கும். சில்லு சுழலும்போது அந்த எடை இறப்பர் வால்வை ஓயாமல் வளைத்து, அடிப்பகுதியில் வெடிக்கச் செய்யும். சாதாரண இறப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்னும் அழுத்த அலகு) வரைக்குமே உரியது என்பதையும் மறக்க வேண்டாம். எனவே டயர் கடையில் நட்டுப் போட்டு இறுக்கும் உலோக வால்வுகளை மாற்றிக்கொள்ளுங்கள். இந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பலரும் விரும்புகிறார்கள், தவிர்க்கவே கூடாத செலவும் இதுதான்.

பிறகு, வண்டி குறைந்தது மூன்று மணித்தியாலம் அசையாமல் நின்றிருக்கும்போது, வெயில் படுவதற்கு முன், காற்றழுத்தம் அளக்கும் நம்பகமான கையடக்க கேஜினால் அளந்து, சுமைக்குரிய அளவுக்குக் காற்றை அடித்துச் சமப்படுத்துங்கள். இந்தக் குளிர்நிலை அழுத்தமே கருவிக்கு நீங்கள் கொடுக்கும் அடிப்படை அளவு; அது பிழைத்தால் கருவி எழுப்பும் எச்சரிக்கைகள் அனைத்தும் பிழைக்கும். இதற்கு மேல், ஒவ்வொரு சென்சரையும் அதற்குரிய சில்லின் பெயரில் திரையுடன் இணைத்து எல்லைகளை அமைப்பது எளிது. குறைந்த அழுத்த எச்சரிக்கையை அடிப்படை அளவுக்கு 12 வீதம் கீழாகவும், கூடிய அழுத்த எச்சரிக்கையை 25 வீதம் மேலாகவும், வெப்ப எச்சரிக்கையை 70 பாகை செல்சியசிலும் வைக்கலாம். 50 பி.எஸ்.ஐ. அடிக்கும் டயருக்கு அந்த எல்லைகள் 44 உம் ஏறத்தாழ 62 உம் ஆகும். மேல் எல்லையை இதைவிட நெருக்கமாக வைத்தால் ஓட்டத்தில் இயல்பாக ஏறும் அழுத்தத்துக்கெல்லாம் கருவி ஒலித்துக்கொண்டே இருக்கும்; பிறகு உண்மையான எச்சரிக்கையையும் சாரதி பொருட்படுத்தமாட்டார்.

கேள்வி (பண்டாரவளை): கனடாவிலுள்ள அண்ணன் தன் பயண ட்ரெய்லருக்கு வாங்கியது போன்ற கருவியை எனக்கும் அனுப்பினார். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அழுத்தத்தையே அடிக்க வேண்டும் என்கிறார். இங்கும் அப்படியா?

பதில்: அண்ணன் தன் வண்டியைப் பொறுத்தவரை சரியாகவே சொல்கிறார். வட அமெரிக்கப் பயண ட்ரெய்லர்களில் எஸ்.டி. என்று குறிக்கப்பட்ட, ட்ரெய்லருக்கென்றே செய்யப்படும் டயர்கள் வருகின்றன. அங்கே அந்த டயர்கள் தாங்கக்கூடிய சுமையின் எல்லையை ஒட்டியே பெரும்பாலும் ஓடுவதால், பக்கச்சுவரில் உள்ள முழு அழுத்தத்தையும் குளிர்நிலையில் அடிப்பது அங்குள்ள பரவலான வழக்கம். பக்கச்சுவரில் எழுதியிருப்பது, அந்த டயர் தன் முழுச் சுமையைத் தாங்குவதற்கு வேண்டிய அழுத்தம். உங்கள் ட்ரெய்லரில் வேன் டயரோ கார் டயரோ போட்டிருந்தால், ட்ரெய்லரைச் சாமான்களுடன் எடைபோட்டு, ஒவ்வொரு சில்லின் மேலும் விழும் எடையை அறிந்து, டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணைப்படி அடியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும். பாரம் கூடிய பக்கத்துக்கு உரிய அளவையே இரண்டுக்கும் எடுங்கள்.

கேள்வி (நுவரெலியா): மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருகிறேன். இங்கே ஒரு அளவு, அங்கே ஒரு அளவு காட்டுகிறது. கருவி பழுதா?

பதில்: பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். இது மலையகத்துக்கே உரிய கேள்வி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கேஜ் காட்டுவது டயரின் உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே உள்ள வளியின் அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாட்டையே. கடல் மட்டத்தில் வெளி அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ.; ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 11.7 அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே வெப்பநிலை மாறாதிருந்தால், மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கும் டயர் 3 பி.எஸ்.ஐ. குறைவாகக் காட்ட வேண்டும். ஆனால் வெப்பநிலை மாறுகிறது. விடியற்காலையில் 12 பாகையில் 80 பி.எஸ்.ஐ. அடித்த லொறி டயர், கொழும்பில் 30 பாகையில் ஓய்ந்து நிற்கும்போது வெப்பத்தால் ஏறக்குறைய 6 கூடி, உயரம் குறைந்ததால் 3 குறைந்து, 83 அளவில் நிற்கும். அதே பயணத்தில் 35 பி.எஸ்.ஐ. அடித்த கார் டயர் வெப்பத்தால் 3 கூடி, உயரத்தால் 3 குறைந்து, பழையபடி 35 இலேயே நிற்கும். அழுத்தம் கூடிய டயரில் வெப்பத்தின் விளைவும் பெரிதாக இருப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில சென்சர்கள் டயரின் முழு அழுத்தத்தை அளக்க, திரை அதிலிருந்து கடல் மட்டத்துக்குரிய 14.7 ஐக் கழித்துக் காட்டும். அத்தகைய கருவி நுவரெலியாவில் எல்லாச் சில்லுகளுக்கும் ஒரே மாதிரி 3 பி.எஸ்.ஐ. குறைவாகக் காட்டும், உண்மையில் 35 இருக்கும் டயருக்கு 32 என்று வரும். கொழும்பில் வாங்கி, அங்கேயே அடிப்படை அளவையும் எல்லையையும் அமைத்துக்கொண்டு வருபவர்களின் கருவி இங்கே குளிரான காலைகளில் காரணமின்றி ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கையடக்க கேஜினால் எல்லா டயர்களையும் அளந்து பாருங்கள். வேறுபாடு அனைத்திலும் ஒரே அளவாக இருந்தால் உயரமே காரணம். ஒரு சில்லில் மட்டும் இருந்தால் அந்தச் சென்சரைச் சந்தேகியுங்கள். எப்படியானாலும் வண்டி இரவு தங்கும் ஊரில் வைத்து அடிப்படை அளவை அமைப்பதே நல்லது.

கேள்வி (கொத்மலை): இறம்பொடை இறக்கத்தில் ட்ரெய்லருடன் வரும்போது வெப்ப எச்சரிக்கை ஒலிக்கிறது. நிறுத்திக் கொஞ்சம் காற்றை இறக்கிவிடலாமா?

பதில்: கூடாது. சூடான டயரிலிருந்து காற்றை இறக்கினால், அது குளிர்ந்த பிறகு தேவையான அளவுக்குக் கீழே போய்விடும். மறுநாள் அந்தக் குறைவான காற்றுடன் ஓடும்போது இன்னும் அதிகமாகச் சூடேறும்.

இறக்கத்தில் அந்த வெப்பம் பெரும்பாலும் பிரேக்கிலிருந்தே வருகிறது. டிரம் சூடாகி, ரிம் சூடாகி, உள்ளிருக்கும் காற்றும் சூடாகும். ட்ரெய்லர் முன்வண்டியைத் தள்ளும் விசையால் தானே பிடிக்கும் வகைப் பிரேக் உங்களுடையதானால், இறக்கம் முழுவதும் அது சிறிதளவாவது பிடித்துக்கொண்டேயிருக்கும். அதனால் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே சிறிய கியருக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்து, இடையில் அகலமான ஓரிடத்தில் நிறுத்தி ஆறவிட்டு வாருங்கள். நிறுத்திய பின்னும் டிரம்மின் வெப்பம் ரிம்முக்குப் பரவுவதால் திரையில் பாகை சற்று நேரம் ஏறவே செய்யும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

திரையில் பார்க்க வேண்டியது எண்ணை மட்டுமல்ல, ஒரே அச்சின் இரு சில்லுகளுக்கிடையிலான வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். வெயில் படும் பக்கம் சில பாகை கூடுவது இயல்பு. ஒரு சில்லு மட்டும் மற்றதைவிட 20 பாகை கூடி நின்றால் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது, அல்லது பெயரிங் போகிறது என்று கொள்ளுங்கள். வெளியே பூட்டும் சென்சர் காற்றோட்டத்தில் குளிர்வதால் உள்வெப்பத்தைக் குறைத்தே காட்டும்; எனவே அது வெப்பத்துக்கு எச்சரித்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

கேள்வி (மஸ்கெலியா): சென்சர் பூட்டிய பிறகுதான் ஒவ்வொரு இரவும் காற்று இறங்குகிறது.

பதில்: வெளிச்சென்சர் வால்வின் உள்ளே உள்ள ஊசியை அழுத்தித் திறந்து வைத்தே காற்றை அளக்கிறது. அதாவது அதைப் பூட்டிய பிறகு காற்றைத் தடுத்து நிற்பது சென்சரின் சிறிய இறப்பர் வளையம் மட்டுமே. சவர்க்கார நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் வளையம் நைந்திருக்கும், அல்லது திருகு கோணலாக ஏறியிருக்கும். வால்வின் அடியில் குமிழி வந்தால் நான் மேலே சொன்ன இறப்பர் வால்வுதான் காரணம். கையால் இறுக்குவது போதும், குறடு வேண்டாம். மழையும் பனிமூட்டமும் மிகுந்த உங்கள் பகுதியில், அலுமினிய வால்வில் பித்தளைத் திருகுள்ள சென்சர் நாளடைவில் அரித்து இறுகிவிடும். எனவே அவ்வப்போது கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): கொழுந்து லொறியின் பின்பக்க இரட்டைச் சில்லுகளில் உள் டயருக்கு எப்படிப் பொருத்துவது? இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது போதாதா?

பதில்: தட்டிப் பார்த்தால் காற்று முழுமையாகப் போனதுதான் தெரியும், 80 பி.எஸ்.ஐ. 60 ஆனது ஒலியில் தெரியாது. உள் டயர் இளைத்தால் அதன் பாரத்தையும் வெளி டயர் சுமப்பதால் ஒன்று கெடும்போது இரண்டும் கெடுகின்றன. உள் டயருக்கு உலோக நீட்டிப்பைப் போட்டு, அது ஆடாதபடி ரிம்மில் பிடிமானம் கொடுத்து, அதன் முனையில் சென்சரைப் பூட்டுங்கள். உங்கள் லொறியில் டியூப் உள்ள டயர்கள் என்றால் ரிம்மின் உள்ளே பொருத்தும் வகையை வாங்க வேண்டாம், அது டியூப் இல்லாத டயருக்கே உரியது. காற்று 20 வீதமோ அதற்கு மேலோ குறைந்த நிலையில் ஓடிய லொறி டயரை அப்படியே காற்றடித்து மீண்டும் ஓட்டாதீர்கள். பக்கச்சுவரின் உள்ளே கம்பிகள் முறிந்திருந்தால் காற்றடிக்கும்போதே அது வெடித்து, பக்கத்தில் நிற்பவரின் உயிரைப் பறிக்கும். கழற்றி, உள்ளே பார்த்து, வெடித்தாலும் தடுக்கும் இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (அப்புத்தளை): ட்ரெய்லர் சென்சர்கள் அடிக்கடி திரையிலிருந்து மறைந்துவிடுகின்றன.

பதில்: தூரமும் இடையிலுள்ள இரும்பு உடலுமே வழக்கமான காரணங்கள். ட்ரெய்லரின் முன்பகுதியில், 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சமிக்ஞை பெருக்கி ஒன்றைப் பொருத்துங்கள். அதன் வயரைப் பார்க் லைட் வயரில் இணைத்தால் பகலில் அது இயங்காது. சாவியுடன் மின்சாரம் வரும் வயரில் இணையுங்கள். அதன் பிறகும் ஒரு சென்சர் மட்டும் மறைந்தால் பெட்டரியை மாற்றுங்கள். கடுங்குளிரான காலையில் பழைய பெட்டரி முதலில் தளரும். உதிரிச் சென்சர் வாங்கும்போது அலைவரிசையையும் கேளுங்கள்: ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் 315 மெகா ஹேட்ஸ், ஐரோப்பாவில் 433 மெகா ஹேட்ஸ் பரவலாகப் பயன்படுகின்றன, ஒன்று மற்றதுடன் பேசாது.

கேள்வி (அட்டன்): முச்சக்கர வண்டிக்கும் பொருத்தலாமா?

பதில்: அந்தப் பணத்துக்கு நல்ல கேஜ் ஒன்றை வாங்கி வாரந்தோறும் அளவெடுங்கள். அது போதும்.

கேள்வி (வெலிமடை): டயர்களை இடம் மாற்றிப் போட்டால் சென்சர்களை என்ன செய்வது? பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றலாமா?

பதில்: வெளிச்சென்சர்களைக் கழற்றி, அவற்றில் எழுதியுள்ள இடங்களுக்கே திரும்பப் பூட்டுங்கள். உட்சென்சர்கள் டயருடன் இடம் மாறிவிடுவதால் திரையில் மீண்டும் இணைக்க வேண்டும். இல்லையேல் வலப்பக்கம் காற்றிறங்கும்போது இடப்பக்கத்தைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். அடைக்கும் திரவம் சென்சரின் நுண்துளையை மூடிவிடக்கூடும் என்பதால், சென்சருக்குத் தீங்கில்லை என்று குறிப்பிடப்படாத எதையும் ஊற்ற வேண்டாம். வேறு வழியின்றி ஊற்றினால், டயரைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டும்போது சென்சரையும் துடைத்து, கேஜின் அளவும் திரையின் அளவும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்த பிறகே பாரம் ஏற்றுங்கள்.